கடல் சொல்லு சேர்க்கிற வேலைக்கு எந்த வெர்ஷன் கொன்ட்ரோல் எடுக்கிறது?

தம்பி, நீங்க கேட்டதை முதல் ஒருக்கா சுருக்கிச் சொல்லிடுறன், அப்பதான் வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கும். நீங்க நாலு பேர் சேர்ந்து திருகோணமலைக் கரையோரத்தில கடல்தொழில் செய்யிற ஆக்கள் பாவிக்கிற சொல்லுகளைச் சேர்க்கிறீங்க, மீன் பேர், காத்துப் பேர், வலைப் பேர் எல்லாம். அதை ஒரு அகராதியாவும் ஒரு அன்ட்ரொயிட் அப்பாவும் ஓபன் சோர்ஸா விடப்போறீங்க. நீங்க உப்புவெளி, ஒராள் கிண்ணியா, ஒராள் மூதூர், நாலாவது ஆள் கட்டார்ல வேலை. இப்ப எல்லாம் சிப் பைலா வட்ஸ்அப்ல போய் வருது, ஒராள் செய்ததை மற்றாள்ட பைல் அழிச்சுப்போடுது. அதுக்குத்தான் வெர்ஷன் கொன்ட்ரோல் வேணும், அதாவது பைலை யார், எப்ப, என்ன மாத்தினது எண்டு வரலாறு வைச்சிருக்கிற மென்பொருள். எஸ்விஎன், ஃபொசில், மெர்குரியல், கிட் எல்லாம் அந்த வகை. கட்டார்ல இருக்கிறவர் ஒபிஸ்ல எஸ்விஎன் பழகினவர், அதான் லேசு எண்டுறார், மூதூர்த் தம்பி ஃபொசிலையும் மெர்குரியலையும் பற்றி வாசிச்சிட்டு அதில ஒண்டு எடுப்பம் எண்டுறார், நீங்க நடுவில நிண்டு "எதை எடுக்கிறது அக்கா" எண்டு கேக்கிறீங்க.

கிட் எடுங்க. அதுக்கு நான் பாக்கிற கணக்கு ஒண்டுதான், இந்த வேலைக்கு இன்னும் வந்து சேராத ஆள். நீங்க நாலு பேரும் எதைக் குடுத்தாலும் ரெண்டு கிழமையில பழகிடுவீங்க, உங்களுக்காக யோசிக்கத் தேவையில்ல. அடுத்த வருஷம் புல்மோட்டையில ஒரு டீச்சர் உங்கட அப்பைத் திறந்து பாத்திட்டு, இந்த வலைக்கு எங்கட பக்கம் வேற பேர் எண்டு கண்டு, ஒரே ஒரு வரியைத் திருத்த நினைப்பா. அவ உங்களுக்குப் போன் எடுத்து, அனுமதி கேட்டு, பாஸ்வேர்ட் வாங்கி, புதுசா ஒரு மென்பொருள் இறக்கித்தான் அந்த வரியைத் திருத்தலாம் எண்டால் அவ திருத்தமாட்டா, அந்தச் சொல்லு உங்களுக்கு வராது. அந்த டீச்சருக்கு எது லேசோ அதை எடுங்க.

எஸ்விஎன்னைப் பற்றி முதல் சொல்றன், ஏனெண்டால் உங்கட கட்டார் அண்ணா சொல்றது முழுப் பிழையும் இல்ல. 2000ல தொடங்கி 2004ல முதலாவது முழு வெர்ஷன் வந்த மென்பொருள் அது, அதுக்கு முதல் இருந்த சிவிஎஸ்ல இருந்த கனக்க வருத்தங்களை மாத்தினது. பழக லேசுதான், வெர்ஷன் நம்பர் 1, 2, 3 எண்டு வரிசையா வரும், பெரிய ரெப்போவில (வேலையின்ட பைலும் வரலாறும் இருக்கிற களஞ்சியம்) ஒரு ஃபோல்டரை மட்டும் இறக்கலாம், படம் குரல் மாதிரிப் பைலை "நான் இதைத் திருத்துறன், நீங்க தொடாதீங்க" எண்டு பூட்டி வைக்கலாம். ஒரே கட்டடத்தில எல்லாரும் இருந்து வேலை செய்யிற ஒபிஸ்ல இது நல்லா ஓடும். ஆனா எஸ்விஎன்ல வரலாறு முழுக்க ஒரு சேர்வர்ல இருக்கும், உங்கட கையில இருக்கிறது கடைசி வெர்ஷன்ட கொப்பி மட்டும். லைன் இல்லாட்டி நீங்க திருத்தலாம், என்ன திருத்தினன் எண்டு பாக்கலாம், ஆனா கொமிட் பண்ண, அதாவது மாற்றத்தை வரலாற்றில பதிய, ஏலாது, பழைய வரலாறும் பாக்க ஏலாது.

2022 மார்ச் கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது ஞாபகம் இருக்கும்தானே. கரண்ட் போனால் டவரும் கொஞ்ச நேரத்தில படுத்திடும், லைன் இல்ல. நான் அப்ப லெப்டொப்ல இருக்கிற சார்ஜோட வேலை செய்து, ஒவ்வொரு சின்ன மாற்றத்தையும் தனித்தனிக் கொமிட்டாப் போட்டு வைச்சிட்டு, விடியப்புறம் லைன் வந்தாப்போல எல்லாத்தையும் ஒரேயடியாப் புஷ் பண்ணுவன், அதாவது சேர்வருக்கு அனுப்புவன். கிட்ல க்ளோன், அதாவது ரெப்போவின்ட முழுக் கொப்பி, எடுக்கிற ஒவ்வொருத்தர்ட மெஷின்லயும் முழு வரலாறும் இருக்கும், கொமிட் எண்டது உங்கட சொந்த டிஸ்க்ல நடக்கிற விஷயம், புஷ் பண்ணுறது மட்டும்தான் லைன் கேக்கும். மூதூர்ல லைன் எப்பிடி எண்டு உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்.

இன்னொண்டும் சொல்லவேணும். கனகாலத்துக்கு முதல் கொழும்பில நான் வேலை செய்த ஒரு சின்ன இடத்தில எஸ்விஎன் சேர்வர் ஒண்டு மேசைக்குக் கீழ இருந்தது, ஒரு நாள் அந்த டிஸ்க் போச்சு, பெக்கப் எடுக்குது எண்டு எல்லாரும் நினைச்ச ஸ்க்ரிப்ட் மாசக்கணக்கா ஓடவே இல்ல. கோட் தப்பிச்சுது, ஏனெண்டால் ஆறு பேர்ட மெஷின்ல கடைசி வெர்ஷன் இருந்தது. ஆனா இந்த வரியை யார் மாத்தினது, ஏன் மாத்தினது, முதல் எப்பிடி இருந்தது எண்ட நாலு வருஷ வரலாறு முழுக்கப் போயிட்டுது. பிறகு ஒவ்வொரு விசித்திரமான வரியையும் பாத்து, இதை அழிக்கலாமா விடலாமா எண்டு தெரியாம நிண்டம். சொல்லகராதிக்கு இது இன்னும் மோசம், "இந்தச் சொல்லைத் திருக்கடலூர்ல ஒரு பெரியவர் சொன்னவர்" எண்டு கொமிட் மெசேஜ்ல இருக்கிற ஒரு வரி போனால் அந்தப் பெரியவரை எங்க போய்த் திரும்பத் தேடுறது.

சரி, அந்த டீச்சர்ட கதைக்குத் திரும்பி வாறன். எஸ்விஎன்ல வெளியாள் ஒருத்தர் திருத்தம் அனுப்பினால் மாத்தின வரிகள் மட்டும் உள்ள ஒரு பட்ச் பைலா அனுப்புவார், உங்கள்ல ஒராள் அதை வாங்கித் தன்ட கணக்கில கொமிட் பண்ணவேணும், வரலாற்றில விழுறது உங்கட பேர், அவர்ட பேரை நீங்களா நினைவு வைச்சு மெசேஜ்ல எழுதினால்தான் உண்டு. கிட்ல ஒவ்வொரு கொமிட்டிலயும் ரெண்டு பேர் தனித்தனியா எழுதப்படும், ஒண்டு எழுதின ஆள், மற்றது சேர்த்த ஆள். டீச்சர் எழுதினதை நீங்க சேர்த்தாலும் எழுதின ஆள் எண்ட இடத்தில அவட பேர்தான் இருக்கும், எத்தின க்ளோன் எடுத்தாலும் அந்தப் பேர் கூடவே போகும். சம்பளம் இல்லாம வேலை செய்யிற ஒருத்தருக்கு நாங்க குடுக்கிறது அந்தப் பேர் ஒண்டுதான், அதைக் காப்பாத்துற மென்பொருளை எடுக்கிறது எனக்குப் பெரிய விஷயம். திருத்தம் அனுப்பவும் அவ ஒரு கட்டளையும் பழகத் தேவையில்ல. கிட் ரெப்போக்களை வைக்கிற கிட்ஹப் எண்ட இணையத்தளத்தில ஒரு கணக்கு மட்டும் திறந்துபோட்டு, பைலுக்குப் பக்கத்தில இருக்கிற பென்சில் குறியை அமத்தி, சொல்லைத் திருத்தி, அனுப்பினாச் சரி, அது தானா ஃபோர்க் (அவட சொந்தக் கொப்பி) எடுத்து புல் ரிக்வெஸ்ட்டா, அதாவது இதைச் சேருங்க எண்ட வேண்டுகோளா, உங்களிட்ட வரும்.

மெர்குரியல் நல்ல மென்பொருள், கட்டளைகள் கிட்டைவிடத் தெளிவு எண்டு இப்பவும் சொல்லுவன். ரெண்டும் 2005 ஏப்ரல்ல ஒரே காரணத்தால பிறந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின்ட கருவான கெர்னலை எழுதுற ஆக்கள் 2002ல இருந்து பிட்கீப்பர் எண்ட ஒரு தனியார் மென்பொருளை இலவசமாப் பாவிச்சவங்க, அந்தக் கொம்பனி இலவசத்தை நிப்பாட்டினதும் லினஸ் டொர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார், வேறொரு கெர்னல் டிவலப்பர் மெர்குரியலை எழுதினார். லினஸ் கிட்டை அந்த வருஷம் ஜூலையில ஜூனியோ ஹமானோவிட்டக் குடுத்தார், இண்டைக்கும் அவர்தான் பாக்கிறார். மெர்குரியலை எடுத்த பெரிய ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு பாருங்க, பைதன் எண்ட நிரலாக்க மொழி 2011ல மெர்குரியலுக்குப் போய் 2017ல கிட்டுக்கு வந்தது, 2007ல மெர்குரியல் எடுத்த மொசில்லா 2023ல கிட்டுக்கு மாறுறம் எண்டு அறிவிச்சுது, ரெப்போ வைக்கிற பிட்பக்கெட் எண்ட தளம் 2020ல மெர்குரியல் ரெப்போக்களை முழுசா நிப்பாட்டினது. மெர்குரியல் பழுது எண்டு இல்ல, புதுசா வாற ஆள் கிட் பழகிட்டு வாறார், அதுதான். பெரிய ஆக்கள் மாறுறதுக்கு ஆள்பலம் இருக்கு, நாலு பேர் உள்ள வேலைக்கு மாறுறதிலேயே ஒரு வருஷம் போயிடும்.

எங்கட நாட்டுக் கதையும் ஒண்டு இருக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல்போன ஆக்களைத் தேடவும் முகாம்களைப் பதியவும் இலங்கையில எழுதின ஓபன் சோர்ஸ் மென்பொருள்தான் சஹானா, பிறகு வேற நாட்டு அனர்த்தங்களுக்கும் போனது. பிறகு வந்த சஹானா ஈடன் முதல்ல லோஞ்ச்பட் எண்ட தளத்தில பசார் எண்ட வெர்ஷன் கொன்ட்ரோல்ல இருந்தது, அதையும் கடைசியில கிட்டுக்குத்தான் கொண்டுவந்தவங்க. பசாரை வளர்த்த கெனோனிக்கல் கொம்பனி அதை விட்டிட்டுது, இப்ப பிரீசி எண்ட பேர்ல வேற ஆக்கள் கொண்டுபோறாங்க.

ஃபொசிலைப் பற்றி மூதூர்த் தம்பி சொன்னதில நியாயம் இருக்கு, எனக்கும் அதில ஆசை. ஒரே ஒரு பைலை இறக்கினாப் போதும், ரெப்போ முழுக்க எஸ்கியூலைட் எண்ட டேட்டாபேஸ் மென்பொருளின்ட ஒரு பைல், கோடோட சேர்த்து பிழைப் பதிவு, விக்கி, கலந்துரையாடல் எல்லாம் அதுக்குள்ளேயே வரும். கிட்ல அப்பிடி இல்ல, கிட்ஹப்ல நீங்க கதைக்கிற கதை கிட்டுக்குள்ள இல்ல, அது அவங்கட சேர்வர்ல. ஃபொசிலை எழுதினவர் எஸ்கியூலைட் எழுதின ரிச்சர்ட் ஹிப், எஸ்கியூலைட்டே அதிலதான் நடக்குது. ஆனா எஸ்கியூலைட் ஆக்கள் வெளியாள் எழுதின கோடைப் பொதுவா ஏற்கிறதே இல்ல, சின்னக் கூட்டம், எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்சவங்க, அந்த மாதிரி வேலைக்கு ஃபொசில் அளவெடுத்துத் தைச்ச சட்டை. உங்கட வேலை அதுக்கு நேர் எதிர், தெரியாத ஆள் வந்தால்தான் அகராதி வளரும்.

கிட்ல வருத்தம் இல்லையா எண்டால் இருக்கு. கட்டளைப் பேர்கள் குழப்பம், செக்கவுட் எண்ட ஒரே கட்டளை பிராஞ்ச் (வேலையின்ட தனிக் கிளை) மாத்தவும் பைலைப் பழையபடி எடுக்கவும் ரெண்டுக்கும் இருந்தது, 2019ல தான் அதை ஸ்விட்ச், ரெஸ்டோர் எண்டு ரெண்டாப் பிரிச்சாங்க. நீங்க பழகேக்க அந்த ரெண்டையும் பழகுங்க, பழைய பாடத்தில செக்கவுட் எண்டு இருந்தால் விட்டிடுங்க. ஹார்ட் ரீசெட் எண்டதைத் தொடாதீங்க, கொமிட் பண்ணாத வேலையை அது திருப்பி எடுக்க ஏலாம அழிச்சிடும். கொமிட் பண்ணினது எண்டால் ரெஃப்லொக் எண்ட கிட்டின்ட உள்பதிவில பெரும்பாலும் பிடிக்கலாம்.

இனி உங்கட வேலைக்குத்தான் வருற விஷயங்கள். இதைத் தமிழ்ல எழுதி வைச்ச ஆக்கள் குறைவு, அதால கொஞ்சம் விரிவாச் சொல்றன்.

பைலுக்குத் தமிழ்ல பேர் வைச்சிட்டு மாறின பைல்களைக் காட்டுற கிட் ஸ்டேட்டஸ் கட்டளையை அடிச்சால் பேர் வராது, எண்தான் வரும். "கடல்" எண்ட பேர் 340, 256, 225 எண்டு தொடங்கி 12 எண்ணா வரும், ஒவ்வொண்டுக்கும் முன்னால ஒரு சாய்ஞ்ச கோடு. முதல்தரம் பாக்கிற ஆள் பைல் பழுதாப்போச்சு எண்டு பயந்து அழிச்சிடுவார். பழுதாகேல்ல, கிட் தமிழ் எழுத்தின்ட பைட்டுகளை எண்ணா எழுதிக் காட்டுது, அவ்வளவுதான். கிட்டின்ட கொன்ஃபிக்ல கோர் டொட் குவோட்பாத் (core.quotepath) எண்டதை ஃபோல்ஸ் (false) ஆக்கினால் தமிழ்ப் பேர் அப்பிடியே தெரியும். நாலு பேர்ட மெஷின்லயும் முதல் நாளே செய்திடுங்க.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பிழை. "கொண்டல்" எண்டு எழுதுறீங்க. அதில "கொ" ரெண்டு விதமாப் பதியலாம், க-வும் ஒரே துண்டான ஒகரக் குறியும், இல்லாட்டி க-வும் கொம்பும் காலும் எண்டு மூண்டு துண்டு. திரையில ரெண்டும் ஒண்டுதான், கொம்பியூட்டருக்கு ரெண்டும் வேற சொல்லு. உங்கட அப்பில "கொண்டல்" எண்டு தேடினால் பாதி வராது, டிஃப்ல, அதாவது பழசையும் புதுசையும் ஒப்பிட்டுக் காட்டுறதில, ஒரு வரி மாறியிருக்கு எண்டு சிவப்பும் பச்சையும் காட்டும், நீங்க பத்துத்தரம் பாத்தாலும் வித்தியாசம் தெரியாது. "சோளகம்" எண்டதும் இதே வருத்தம் வாற சொல்லு. பிடிஎஃப்ல இருந்து கொப்பி பண்ணினது, யூனிகோடுக்கு முந்தின பழைய பாமினி எழுத்தில இருந்து மாத்தினது இதிலெல்லாம் இது வரலாம். பைதன்ல யூனிகோட்டேட்டா எண்ட லைப்ரரியில நோர்மலைஸ் இருக்கு, எல்லாத்தையும் என்எஃப்சிக்கு (குறியை ஒரே துண்டாப் பதியிற முறை) மாத்துற சின்ன ஸ்க்ரிப்ட் ஒண்டை பிரீ-கொமிட் ஹூக்கில போட்டால் கொமிட்டுக்கு முதல் அதுவே சரிபாக்கும். பாமினியில அடிச்ச பழைய லிஸ்ட் எதையும் யூனிகோடுக்கு மாத்தாம ரெப்போவுக்குள்ள விடவேண்டாம்.

சொல்லுப் பட்டியலை சிஎஸ்வியா (கொமாவால பிரிச்ச வெறும் எழுத்துப் பைல்) வைக்கிறது நல்லது, ஒரு வரிக்கு ஒரு சொல்லு, அப்பதான் டிஃப் மனுசருக்கு வாசிக்கக்கூடியதா இருக்கும். ஆனா அதை எதில திறந்து சேவ் பண்ணுறீங்க எண்டதில கவனம். நான் ஒருக்கா ஒரு பட்டியலை ஸ்ப்ரெட்ஷீட் ஒண்டில திறந்து ஒரு சொல்லை மட்டும் திருத்தி சேவ் பண்ணினன், யூடிஎஃப்-8 எண்ட யூனிகோட் பதிவு முறையைத் தெரிவு செய்யாம விட்டிட்டன். கொமிட்டுக்கு முதல் டிஃப் பாத்தால் முழுப் பைலும் சிவப்பு, கீழ முழுக்கப் பச்சையில கேள்விக்குறி, சொல்லுக்குப் பதிலாக் கேள்விக்குறி வரிசை. கிட் ரெஸ்டோர் ஒண்டு அடிச்சன், எல்லாம் திரும்பி வந்தது. வட்ஸ்அப் சிப்பா இருந்திருந்தால் அந்தக் கேள்விக்குறிப் பைலை அனுப்பியிருப்பன், மற்ற மூண்டு பேரும் அதைத் தங்கட பைலுக்கு மேல போட்டிருப்பாங்க. லிப்ரேஒபிஸ்ல சேவ் பண்ணேக்க எழுத்து வகை கேக்கும், யூடிஎஃப்-8 குடுங்க, கொமிட்டுக்கு முதல் டிஃப் பாக்கிறதைப் பழக்கமாக்குங்க.

கொன்ஃப்ளிக்ட், அதாவது ரெண்டு பேர்ட மாற்றம் மோதுறது, வரும், பயப்படவேண்டாம். ரெண்டு பேரும் பைல்ட கடைசி வரியில புதுச்சொல்லுச் சேர்த்தால் கட்டாயம் வரும், அதுக்கு அகரவரிசையில சேருங்க, இல்லாட்டி எழுத்துக்கு ஒரு பைலாப் பிரியுங்க. ஆனா ஒரு வகைக் கொன்ஃப்ளிக்ட் உங்களுக்கு நல்லது. ஒரு மீனுக்குக் கிண்ணியாத் தம்பி ஒரு பேரும் நீங்க வேறொரு பேரும் அதே வரியில எழுதினீங்க எண்டு வைங்க. சிப் பைல்ல பிந்தி வந்தது முந்தினதை அழிச்சிடும், யாருக்கும் தெரியாது. கிட் நிப்பாட்டி, ரெண்டையும் மேலயும் கீழயும் வைச்சு, எது சரி எண்டு உங்களைக் கேக்கும். அகராதியில ரெண்டும் சரிதானே, ஊர் எண்டு இன்னொரு நிரலைச் சேர்த்து ரெண்டையும் வைச்சிடுங்க.

குரல் பதிவுகளைக் கிட்டுக்குள்ள போடாதீங்க. வேவ் பைல் ஸ்டீரியோவில நிமிஷத்துக்கு 10 எம்பி அளவில வரும், ஒருக்கா உள்ள போனதைப் பிறகு அழிச்சாலும் வரலாற்றில கிடக்கும், புதுசா க்ளோன் எடுக்கிற ஒவ்வொருத்தரும் அதையும் இறக்கவேணும், ப்ரீபெய்ட் டேட்டாவில வாற டீச்சரும்தான். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட பைலை எடுக்கவே எடுக்காது. குரலை விக்கிமீடியா கொமன்ஸ்ல போடுங்க, சொன்ன ஆள்ட சம்மதம் வாங்கி, கட்டற்ற லைசென்ஸ்ல. சிஎஸ்வியில அந்தப் பைல் பேர் மட்டும் இருக்கட்டும். லைசென்ஸைப் பற்றி இன்னொரு சொல்லு, கோடுக்கு ஒண்டு, சொல்லுகளுக்கு ஒண்டு எண்டு முதல் நாளே ரெப்போவில வையுங்க, நாப்பது பேர் எழுதின பிறகு மாத்துறதெண்டால் நாப்பது பேரையும் தேடிப் போகவேணும்.

லைன் மோசமான நாளுக்கு ஒரு வழி, கிட் பண்டில் எண்டு ஒரு கட்டளை, ரெப்போவை வரலாறோட ஒரே பைலா ஆக்கும், பென்டிரைவ்ல போட்டு மூதூர் பஸ்ல வாற ஆளிட்டக் குடுத்துவிட்டால் மற்றப் பக்கம் அதில இருந்து புல் பண்ணலாம். கிட் க்ளோன் நடுவில அறுந்தால் விட்ட இடத்தில இருந்து தொடராது, முதல்ல இருந்துதான் தொடங்கும், அதால முதல் க்ளோனை இப்பிடிக் கையில குடுக்கிறது நல்லம். கிட் எண்டது வேற, கிட்ஹப் எண்டது வேற எண்டதையும் நாலு பேரும் விளங்கிக்கொள்ளுங்க. கிட்ஹப் மாதிரித் தளமான கூகுள் கோட் 2016ல மூடினது, கிட்ஹப்பை 2018ல மைக்ரோசொஃப்ட் வாங்கினது, நாளைக்கு என்ன எண்டு யாருக்கும் தெரியாது, அதால கோட்பேர்க், கிட்லப் மாதிரி வேற தளம் ஒண்டில ஒரு கொப்பி எப்பவும் இருக்கட்டும். கணக்கை ஒராள்ட சொந்தப் பேர்ல திறக்காம ஒரு ஓர்கனைசேஷனாத் திறந்து, குறைஞ்சது ரெண்டு பேரை ஓனராப் போடுங்க. ரெண்டாம் கட்டப் பாதுகாப்புக்குத் தாற ரெக்கவரி கோடுகளைப் பேப்பர்ல எழுதி வீட்ல வையுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு நல்ல வேலை, அதை நடத்தின பெடியன் வெளிநாடு போய் போனும் நம்பரும் மாறி, கணக்குக்குள்ள போக ஏலாம நிண்டுபோச்சு. கோட் எல்லாரிட்டயும் இருந்தது, அப்பைப் புதுப்பிக்கிற சாவி ஒராளிட்ட மட்டும் இருந்தது.

தொடங்கேக்க வெறும் ரெப்போவில கடைசி சிப்பை மட்டும் போட்டு ஆரம்பிக்கவேண்டாம். வட்ஸ்அப்ல கிடக்கிற எல்லாச் சிப்பையும் இறக்கி, திகதி வரிசையில ஒவ்வொண்டா விரிச்சு, ஒவ்வொண்டையும் ஒரு கொமிட்டாப் போடுங்க. கிட் கொமிட்ல ஓதர், டேட் எண்டு ரெண்டு ஒப்ஷன் இருக்கு, அனுப்பின ஆள்ட பேரையும் அனுப்பின நாளையும் அப்பிடியே குடுக்கலாம். ஒரு பின்னேரம் இருந்தால் முடிஞ்சிடும். மூதூர்த் தம்பி முதல் அனுப்பின சொல்லுகள் அவர்ட பேர்லேயே வரட்டும்.